வீட்டு மேஜையில் ஒரு லேசர் கட்டர்

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் பிரிண்டராகத்தான் இருக்கும். திரையில் உள்ளதைக் காகிதத்தில் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி. ஆனால் திரையில் வரைந்ததை பிளைவுட்டிலோ அட்டையிலோ அப்படியே வெட்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தால்? அதைச் செய்வதுதான் லேசர் கட்டர். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளில் மட்டும் இருந்த இந்தக் கருவி, இன்று மேஜை மேல் வைக்கும் அளவில், யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து இயக்கும் வகையில் கிடைக்கிறது.

நான் வேலை செய்வது ஒரகடம் பகுதியில், வாகனங்களுக்குத் தகடு பாகங்கள் செய்து தரும் ஒரு தொழிற்சாலையில். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி எங்களைப் போன்ற சிறிய, நடுத்தர நிறுவனங்கள் ஏராளமாக வந்தன. எங்கள் ஷெட்டில் கிலோவாட் கணக்கில் சக்தி கொண்ட ஃபைபர் லேசர் மெஷின், இரும்புத் தகட்டைக் காகிதம் போல வெட்டும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குப் போகும் எனக்கு, வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்ற ஆசை வந்தது. வாங்கினேன். அமைப்பதற்கும் சரி செய்வதற்கும் இரண்டு மாதங்கள் ஆயின. ஒரு முறை வீடே தீப்பிடித்திருக்கும். அந்த அனுபவத்தில் கற்றவற்றை இங்கு வரிசையாகத் தருகிறேன்.

எந்த வகை லேசர்?

மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் சி.குமார் படேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்தவர். மரம், அக்ரிலிக், தோல் ஆகியவற்றை வெட்ட இன்றும் கடைகளில் இந்த வகைதான் அதிகம் பயன்படுகிறது. கண்ணாடிக் குழாய், தண்ணீர்க் குளிர்விப்பு, உயர் மின்னழுத்தம் என்று இதற்குப் பராமரிப்பு உண்டு.

இரண்டாவது ஃபைபர் லேசர். உலோகத்தை வெட்டுவதற்கு. எங்கள் தொழிற்சாலையில் இருப்பது இதுதான். வீட்டிற்குச் சரிப்படாது.

மூன்றாவது டயோடு லேசர். நீல நிற ஒளி தரும் இந்த வகை ஜப்பானில் 1990-களின் நடுவில் உருவானது. பொழுதுபோக்கிற்காக விற்கப்படும் சிறிய மெஷின்களில் பெரும்பாலானவை இவைதான். இதன் ஒளி ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. இந்தக் கட்டுரை இதைப் பற்றியதே.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் "40 வாட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது மெஷின் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவாக இருக்கலாம். வெளியே வரும் ஒளியின் சக்தி 5 அல்லது 10 வாட் மட்டுமே இருக்கும். வெட்டுவது ஒளியின் சக்திதான். அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது 10 வாட் ஒளி சக்தி கொண்டது.

பிளக்கில் சொருகும் முன்

இது பொம்மை அல்ல. லேசர் வகைப்பாட்டில் மிக ஆபத்தான நான்காம் பிரிவில் வருவது. நேரடி ஒளி மட்டுமல்ல, பட்டுத் திரும்பும் ஒளியும் கண்ணைக் கெடுக்கும். நீல ஒளி கண்ணின் முன்பகுதியைத் தாண்டி உள்ளே சென்று விழித்திரையில் குவியும். அங்கு ஏற்படும் புண் ஆறாமல் நிரந்தரமாகிவிடலாம்.

எனவே 450 நானோமீட்டருக்கு உரியது என்று எழுதியுள்ள பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்திடுங்கள். சாதாரண கூலிங் கிளாஸ் உதவாது. அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை கண்ணாடி வேண்டும். இல்லையென்றால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். சுற்றிலும் மூடிய பெட்டியுடன் வரும் மாடல் கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

அடுத்து புகை. ஜன்னல் ஓரத்தில் மெஷினை வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேன் மூலம் புகையை வெளியேற்றுங்கள். எந்தக் காரணத்திற்காகவும் பி.வி.சி., ரெக்ஸின் போன்றவற்றை வெட்டாதீர்கள். அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் இரும்பையும் அரிக்கும். ஒரு பிளாஸ்டிக் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் அதை வெட்டவே வேண்டாம். நிறமற்ற அக்ரிலிக்கை நீல டயோடு லேசரால் வெட்ட முடியாது. ஒளி அதன் ஊடே போய்விடும்.

பக்கத்தில் ஒரு சிறிய தீயணைப்பானும் ஈரத்துணியும் இருக்கட்டும். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருடன் இணைத்தல்

மெஷினின் உள்ளே சிறிய கன்ட்ரோலர் போர்டு ஒன்று இருக்கும். பெரும்பாலான சிறிய மெஷின்களில் அதில் இயங்குவது ஜிஆர்பிஎல் என்னும் இலவச புரோகிராம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகக் கட்டளை அனுப்ப, அது மோட்டார்களை நகர்த்தி லேசரை எரியவிடும்.

கேபிளைச் சொருகியவுடன் விண்டோஸ் அதை அறியவில்லை என்றால் பதற வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். போர்ட்ஸ் என்ற பிரிவில் புதிய காம் போர்ட் எண் ஒன்று தெரிய வேண்டும். தெரியாமல் மஞ்சள் நிறக் குறி மட்டும் இருந்தால், போர்டில் உள்ள யு.எஸ்.பி. சிப்பிற்கான டிரைவர் தேவை. பெரும்பாலும் அது சிஎச்340 என்ற சிப்பாக இருக்கும். அதன் டிரைவரை இன்ஸ்டால் செய்து, கேபிளைக் கழற்றி மீண்டும் சொருகுங்கள். அப்போதும் வராவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மொபைல் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டுமே போகும்; தகவல் போகாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

மென்பொருளுக்கு லேசர்ஜிஆர்பிஎல் என்ற இலவச விண்டோஸ் புரோகிராம் போதும். பழகிய பின் கட்டணம் செலுத்தி வாங்கும் லைட்பர்ன் புரோகிராமிற்கு மாறலாம். படம் வரைவதற்கு இன்க்ஸ்கேப், இதுவும் இலவசம். லேசர்ஜிஆர்பிஎல் புரோகிராமில் காம் போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 115200 என அமைத்து, கனெக்ட் பட்டனில் கிளிக் செய்திடுங்கள்.

வெட்டுவதா, செதுக்குவதா?

புதியவர்கள் குழம்பும் இடம் இது. போட்டோ என்பது புள்ளிகளின் தொகுப்பு. அதை லேசர், பிரிண்டரைப் போல, கோடு கோடாகச் சென்று செதுக்கும். வெட்டுவதற்குத் தேவை கோடுகளால் ஆன வெக்டர் படம். இன்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்.வி.ஜி. ஃபைலாக சேவ் செய்தால், லேசர் அந்தக் கோட்டின் மேல் மட்டும் நடந்து செல்லும்.

செதுக்குவதற்கு ஆகும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். 100 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் உள்ள படம். கோடுகளுக்கு இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 1000 கோடுகள். ஒவ்வொன்றும் 100 மி.மீ.; மொத்தம் 1,00,000 மி.மீ. தூரம். நிமிடத்திற்கு 3000 மி.மீ. வேகத்தில் சென்றால் 33 நிமிடத்திற்கு மேல் ஆகும். "கை அளவு படம்தானே" என்று நினைத்து உட்காராதீர்கள்.

முதலில் சட்டம், பிறகு செட்டிங்

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் மென்பொருளிலேயே சரி செய்துவிடலாம் என்று நினைத்தது. வட்டம் வரையச் சொன்னால், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை. ஒவ்வொரு செட்டிங்காக மாற்றினேன். பயனில்லை. காரணம், பெல்ட் தளர்ந்திருந்தது. ஒரு சக்கரமும் ஆடிக்கொண்டிருந்தது.

எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மின் இணைப்பை எடுத்துவிட்டு, லேசர் தலையைக் கையால் நகர்த்திப் பாருங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது.

2. பெல்ட்டை விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், தொங்கக் கூடாது.

3. சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் கட்டும் கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கு இங்கும் உதவும். ஒரு பக்கம் 150 மி.மீ., அடுத்த பக்கம் 200 மி.மீ. என்று ஒரு செவ்வகம் வரையச் செய்யுங்கள். மூலைவிட்டம் 250 மி.மீ. இருந்தால் சதுரம் சரி. குறைந்தாலோ கூடினாலோ சட்டத்தின் திருகுகளைத் தளர்த்தி, நேராக்கி, மீண்டும் இறுக்குங்கள்.

இதன் பிறகுதான் அளவு. 200 மி.மீ. நகரும்படி கட்டளை தந்து, வரைந்த கோட்டை அளந்து பாருங்கள். எனக்கு 198.5 மி.மீ. வந்தது. ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $100, $101 என்று இரண்டு இருக்கும். ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படிகள் எடுக்க வேண்டும் என்பதை அவை சொல்கின்றன; முதலாவது குறுக்குவாட்டிற்கு, இரண்டாவது நெடுக்குவாட்டிற்கு. பல மெஷின்களில் இது 80. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒவ்வொரு படியும் 16 ஆகப் பிரிக்கப்படுவதால் 3200. ஒரு சுற்றில் 20 பல் சக்கரம் 2 மி.மீ. பல் பெல்ட்டை 40 மி.மீ. இழுக்கும். 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. கேட்ட அளவை வந்த அளவால் வகுத்து, பழைய எண்ணால் பெருக்கினால் புதிய எண் கிடைக்கும்: 80 × 200 ÷ 198.5 = 80.60. இதை டைப் செய்து சேவ் செய்திடுங்கள். மாற்றும் முன் பழைய எண்கள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

$30 என்பது முழு சக்திக்கான எண். மெஷினில் 1000 என்று இருந்து, மென்பொருளில் அதிகபட்சம் 255 என்று இருந்தால், நீங்கள் முழு சக்தி கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். "லேசர் மங்கலாக எரிகிறது" என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஃபோகஸும் பொருள் சோதனையும்

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சரியான உயரத்தில் மட்டுமே புள்ளி சிறிதாகும். லேசரிலும் அதேதான். ஒரு மரத்துண்டின் ஒரு முனையை 10 மி.மீ. உயர்த்திச் சாய்வாக வைத்து, அதன் மேல் ஒரு கோடு வரையுங்கள். கோடு எங்கு மிக மெல்லியதாக இருக்கிறதோ அந்த உயரமே ஃபோகஸ். அந்த உயரத்திற்கு ஒரு துண்டு அக்ரிலிக்கை வெட்டி அளவுகட்டையாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சோதனைப் பலகை. வேகம் நிமிடத்திற்கு 100, 200, 300, 400 மி.மீ. என்று வரிசையாகவும், சக்தி 60 முதல் 100 சதவீதம் வரை பத்துப் பத்தாகவும் சிறு சிறு சதுரங்கள். எது கருகாமல் விழுகிறதோ அதுவே உங்கள் செட்டிங். என் மெஷினில் 3 மி.மீ. பிளைவுட்டிற்கு 200 மி.மீ. வேகமும் 90 சதவீத சக்தியும் சரியாக இருந்தன. உங்கள் மெஷினுக்கு மாறும். ஒரே கடையில் வாங்கிய அடுத்த பலகைக்கே மாறும். உள்ளே உள்ள பசைதான் காரணம். மழைக்காலத்தில் பிளைவுட் ஈரம் குடித்து வளைந்துவிடும். ஓரங்களைக் காந்தம் வைத்து அழுத்துங்கள்.

வெட்டும் இடத்தில் காற்று ஊதினால் புகை விலகி வெட்டு சுத்தமாகும். தொழிற்சாலையில் இதற்கு நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. நான் வீட்டில் மீன் தொட்டிக்கான ஏர் பம்பை வைத்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

லேசரும் சிறிது மரத்தை எரித்து எடுத்துக்கொள்கிறது. இந்தக் கழிவு அகலத்தை அளக்க எளிய வழி: 20 மி.மீ. சதுரங்கள் பத்தைத் தனித்தனியாக வெட்டி வரிசையாக ஒட்டி வையுங்கள். 200 மி.மீ. இருக்க வேண்டியது 198 இருந்தால், ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. போயிருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பெட்டி செய்ய, 3 மி.மீ. பலகைக்கு 2.8 மி.மீ. அகலத்தில் காடி வரைந்தால் பசையே இல்லாமல் இறுகி நிற்கும்.

புள்ளி விழுந்த பெயர்ப்பலகை

முதல் பெரிய வேலையாக "அன்பு இல்லம்" என்று எழுத்துகளை வெட்டி வாசலில் மாட்ட நினைத்தேன். இன்க்ஸ்கேப்பில் யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றினேன். இதைச் செய்யாவிட்டால் வேறு புரோகிராமில் திறக்கும்போது எழுத்துகள் சிதறலாம். வெட்டு அருமையாக முடிந்தது. எடுத்துப் பார்த்தால் "அனபு இலலம". மூன்று புள்ளிகளும் தேன்கூட்டுத் தட்டின் ஓட்டைகள் வழியாக விழுந்து கிடந்தன!

ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளில் மட்டும் புள்ளி. தமிழில் மெய்யெழுத்து தோறும் புள்ளி. ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்று படித்தது நினைவுக்கு வந்தது. எனக்கும் அதே பிரச்சினை. தீர்வு எளிது: எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பட்டைப் பலகை வைத்து ஒட்டுங்கள்; அல்லது புள்ளியை எழுத்துடன் சேர்க்கும் சிறு பாலம் ஒன்றை வரைந்துவிடுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துகளுக்கும் இதே கவனம் தேவை.

கம்ப்யூட்டர் தூங்கியது, பலகை எரிந்தது

இப்போது அந்தத் தீ விஷயம். மகளின் பள்ளிக்காக ஒரு காற்றாலை மாதிரி வெட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிட வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே என்று டீ போடச் சமையலறைக்குப் போனேன். மகள்தான், "அப்பா, என்னமோ கருகுது" என்று கூப்பிட்டாள். ஓடி வந்து பார்த்தால், லேசர் தலை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. ஒளி அணையவில்லை. பலகையில் விரல் உயரத்திற்குச் சுடர். பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியைப் போட்டு அணைத்தேன். பத்து அடி தள்ளி ஜன்னல் திரை. அவள் கூப்பிட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். பதினைந்து நிமிடம் யாரும் தொடாததால் லேப்டாப் ஸ்லீப் நிலைக்குப் போய்விட்டது. கட்டளை வருவது நின்றது; மோட்டார் நின்றது. மெஷினுக்குத் தனி மின்சாரம் இருப்பதால் லேசர் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

இதைத் தடுக்க மூன்று காரியங்களைச் செய்திடுங்கள்.

முதலில், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ் பிரிவில், ஸ்லீப் என்பதை நெவர் என மாற்றுங்கள். மேம்பட்ட அமைப்புகளில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பது இருந்தால் அதையும் டிசேபிள் செய்திடுங்கள். வேலை நடக்கும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மூடியை மூடாதீர்கள்.

இரண்டாவது, ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $32 என்பதன் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். இதுதான் லேசர் மோட். பிறகு மென்பொருளில் லேசரை எரியவிடும் கட்டளை எம்3, எம்4 என இரண்டு வகையாக இருக்கும். எம்3 என்றால் தலை நகர்ந்தாலும் நின்றாலும் சொன்ன சக்தியில் எரியும். எம்4 என்றால் வேகத்திற்கு ஏற்பச் சக்தி மாறும். தலை நின்றால் லேசரும் அணைந்துவிடும். நான் எம்3-இல் விட்டிருந்தேன். எம்4-க்கு மாற்றிய பின், மூலைகளில் கருகுவதும் குறைந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். லேசர் எரியும்போது அறையை விட்டு நகராதீர்கள். எந்த செட்டிங்கும் இதற்கு ஈடாகாது.

மின்வெட்டு வந்தால் வேறு கதை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மெஷின் நின்றுவிடும், எந்த இடத்தில் இருந்தோம் என்பதை அது மறந்துவிடும். தொடக்கப் புள்ளியைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் மீண்டும் அங்கேயே நிறுத்தித் தொடங்கலாம்.

வெட்டவில்லையா? லென்ஸைப் பாருங்கள்

ஒரு மாதம் கழித்து, 200 வேகத்தில் விழுந்த பலகை 100 வேகத்திலும் விழவில்லை. சக்தியைக் கூட்டினேன், வேகத்தைக் குறைத்தேன். ஓரம் கரியானதுதான் மிச்சம். மெஷின் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்தேன். கேன்டீனில் எங்கள் லேசர் பிரிவு ஆபரேட்டரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "லென்ஸைத் தொடச்சீங்களா அண்ணே?"

துடைக்கவில்லை. பிளக்கை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து லென்ஸின் பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சு கருப்பாக வந்தது. மீண்டும் 200-இல் பலகை பொத்தென்று விழுந்தது. தொழிற்சாலையில் லென்ஸைப் பார்க்காமல் அவர்கள் ஷிஃப்டையே தொடங்குவதில்லையாம். தினமும் அந்த மெஷினைக் கடந்து போயும் எனக்கு இது தெரியவில்லை.

இறுதியாக

லேசர் கட்டர் வாங்கும் வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். வரையும் பழக்கத்தை இன்க்ஸ்கேப்பில் இன்றே தொடங்கலாம். பொதுமக்கள் சென்று இத்தகைய மெஷின்களில் செய்து பார்க்கும் ஃபேப் லேப் எனும் கூடங்கள் உள்ளன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் அமைந்தது 2002-ல், நம் நாட்டில் புனே அருகே பாபல் கிராமத்தில் உள்ள விக்யான் ஆசிரமத்தில்தான்.

வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி அணிந்தாயிற்றா, ஃபேன் ஓடுகிறதா, லென்ஸ் சுத்தமா, ஃபோகஸ் சரியா, எம்4-இல் இருக்கிறதா, லேப்டாப் தூங்காதா, ஈரத்துணி எங்கே. நான் இதை ஒரு பலகையில் லேசராலேயே செதுக்கி, மெஷினுக்கு மேல் சுவரில் மாட்டியிருக்கிறேன். கடைசி வரியை மட்டும் என் மகள் சேர்த்தாள்: "டீ அப்புறம்."